ஹைட்டியை வரைந்தவர்கள்

2010 ஜனவரி 12, மாலை 4.53 மணி. ஹைட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு மேற்கே, லியோகான் நகரை ஒட்டி, 7.0 அளவில் பூமி குலுங்கியது. அதிபர் மாளிகை, நாடாளுமன்றம், பேராலயம், ஐ.நா. அலுவலகம் எல்லாம் இடிந்து விழுந்தன. பல நாடுகளிலிருந்து மீட்புக் குழுக்கள் விரைந்து வந்தன. ஆனால் எந்தச் சந்து எங்கே போய் முடிகிறது, எந்த வழியாக மருத்துவமனைக்குப் போகலாம் என்று பார்க்க அவர்கள் கையில் நல்ல வரைபடம் இல்லை. யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைக்கப்பட்டிருந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் அந்த நகரத்துக்குச் சில பெரிய சாலைகள் மட்டுமே இருந்தன. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நகரம் அது.

நிலநடுக்கத்துக்குப் பின் எடுத்த படங்களைச் செயற்கைக்கோள் நிறுவனங்கள் இலவசமாகத் திறந்துவிட்டன. அப்போது தொடங்கியது வேலை. ஹைட்டியைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள் தங்கள் வீட்டுக் கணினியில் அந்தப் படங்களை விரித்து, ஒவ்வொரு தெருவின் மேலும் கோடு இழுத்தார்கள். இடிந்த கட்டடம், உடைந்த பாலம், திடலில் புதிதாக முளைத்த கூடார முகாம் எல்லாம் வரைபடத்தில் ஏறின. பழைய அச்சு வரைபடங்களிலிருந்து பெயர்களை எடுத்துச் சேர்த்தார்கள். ஒரே மாதத்தில் 600-க்கும் மேற்பட்டோர் கைகொடுத்தார்கள். மீட்புக் குழுவினர் அதைக் கைக்கருவி ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். இன்று வரைந்தது நாளை களத்தில் பயன்பட்டது.

இது எப்படிச் சாத்தியமானது? காகித வரைபடத்தை ஸ்கேன் செய்து வைத்தால் அது வெறும் படம். பெரிதாக்கினால் மங்கும், ஒரு தெருவை மட்டும் தனியே எடுக்க முடியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற வெக்டர் வரைபடம் வேறு. நம் வாசல் புள்ளிக் கோலத்தைப் போல, அதில் எல்லாம் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. ஒவ்வொரு கோட்டின் மேலும் ‘இது மண் சாலை’, ‘இது ஒருவழிப் பாதை’ என்று குறிப்பு எழுதலாம். ஒரு புள்ளியை நகர்த்தினால் சாலை மட்டும் நகரும், மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். நாடு முழுவதையும் காட்டலாம். ஹைட்டியின் ஜாக்மெல் நகரத்தை மட்டும் பிரித்து அச்சடிக்கலாம். மருத்துவமனைகளை மட்டும் வைத்துவிட்டு மற்றதை மறைக்கலாம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாறும் கூடவே இருக்கும். தவறாக வரைந்தால் அடுத்தவர் சரிசெய்யலாம்.

ஆனாலும் தொலைவிலிருந்து இழுத்த கோடு முழு வரைபடம் ஆகிவிடாது. தெருவுக்கு அங்கிருப்பவர்கள் வைத்திருக்கும் பெயரையோ, குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதையோ செயற்கைக்கோள் சொல்லாது. அதை அங்கே வாழ்பவர்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் சில மாதங்களுக்குள்ளேயே தன்னார்வலர்கள் ஹைட்டிக்கே போய், உள்ளூர்க்காரர்களுக்கு வரைபட வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த முயற்சியில் எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது இதுதான். தங்கள் தெருவைத் தாங்களே வரையும் உரிமை அம்மக்களுக்குக் கிடைத்தது.

அதன் தேவை அக்டோபரிலேயே தெரிந்தது. ஆர்ட்டிபோனைட் ஆற்றை ஒட்டிக் காலரா பரவியது. நோயாளி தன் ஊர்ப் பெயரைச் சொல்வார். அந்த ஊர் வரைபடத்தில் இருக்காது. நோய் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியாமல் அதை எப்படித் தடுப்பது? இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, 2014-இல் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பும் செஞ்சிலுவைச் சங்கங்களும் வரைபடத் தன்னார்வலர்களும் சேர்ந்து, ஏழை நாடுகளின் விடுபட்ட ஊர்களை முன்கூட்டியே வரையும் ‘மிஸ்ஸிங் மேப்ஸ்’ திட்டத்தைத் தொடங்கினார்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பிறந்ததே ஒரு ஆதங்கத்தில்தான். பிரிட்டனில் மக்கள் வரிப்பணத்தில் அரசு வரைந்த வரைபடத் தரவை மக்களே விலை கொடுத்து, கட்டுப்பாடுகளோடு வாங்க வேண்டியிருந்தது. அதற்கு மாற்றாக 2004-இல் அங்கே தொடங்கப்பட்டது இது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை தவித்தபோது, இதே வரைபடத்தின் மேல்தான் நீரில் மூழ்கிய தெருக்களை மக்கள் குறித்தார்கள். இந்தியாவில் வரைபடத் தரவு உருவாக்க முன்அனுமதி தேவையில்லை என்று 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. அப்படியிருந்தும் வார்டு எல்லையோ மழைநீர் வடிகாலோ வேண்டும் என்று தேடினால், பல இடங்களில் கைக்குக் கிடைப்பது தொட முடியாத பிடிஎஃப் படம்தான். உள்ளாட்சிகள் அவற்றை வெக்டர் கோப்பாக, திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும். வெள்ளம் வந்த பிறகு கோடு இழுக்க உட்கார்ந்தால் அது காலம் கடந்த வேலை.

அதுவரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். பெயர் தவறாக இருந்தால் திருத்துங்கள், தமிழில் இல்லையென்றால் தமிழில் சேர்த்துவிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையும், மேடான இடத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தையும் மறக்காமல் குறித்து வையுங்கள்.