கந்தூரிப் பந்தியும் ஆய்விதழும்: திறந்த அணுகல் எப்படி இயங்குகிறது?

ஏர்வாடி, கீழக்கரை பக்கம் கந்தூரிச் சோறு சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். அந்தப் பந்தியில் உட்கார யாரும் சீட்டுக் காட்ட வேண்டியதில்லை. சாதி, மதம், ஊர், பேர் எதையும் கேட்காமல் சோறு விழும். ஆனால் அடுப்படியில் கதை வேறு. தேக்சாவுக்குள் என்ன போகிறது, எவ்வளவு போகிறது, எப்போது இறக்குவது என்பதில் பண்டாரி இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். சாப்பிட வருபவருக்குத் தடை இல்லை. சட்டிக்குத் தடை உண்டு.

ஓப்பன் ஆக்சஸ் என்னும் திறந்த அணுகல் ஆய்விதழ் இயங்குவதும் இப்படித்தான். வாசகருக்குக் கட்டணம் கிடையாது. கட்டுரைக்குக் கண்டிப்பு உண்டு. இலவசமாகக் கிடைப்பதால் தரம் குறைவு என்று நினைப்பவர்களும், காசு கட்டினால் கட்டுரை வந்துவிடும் என்று நம்பி ஏமாறுபவர்களும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இதைப் பேச நம் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம், 1971இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபம் முகாமில்தான் இருந்தது. அந்த நிறுவனம் வெளிக்கொண்டுவரும் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ்’ 1954இல் பிறந்தது. 1958இல் மண்டபத்தில் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் அமைந்தது. அடுத்த ஆண்டே அதன் ஆய்விதழும் வந்தது. இரண்டையும் இன்று பாம்பனில் உட்கார்ந்து ஒரு கைப்பேசியில், காலணா கட்டாமல் படிக்கலாம்.

சரக்கும் செய்முறைச் சீட்டும்

ஊர்க் கந்தூரிக்குப் பல வீடுகளிலிருந்து சட்டிகள் வருவதாக வைத்துக்கொள்வோம். சட்டியைச் சமைத்துக் கொண்டுவருபவர் ஆய்வாளர். கொட்டகையில் நிற்கும் தலைமைப் பண்டாரி, இதழின் ஆசிரியர்.

ஒரு நிஜச் சட்டியையே எடுத்துக்கொள்வோம். 2010 மார்ச்சில் அந்த மீன்வள நிறுவனத்தின் மண்டபம் மண்டல மையத்தில் கடல் விரால் மீனைத் தொட்டியில் வைத்து முட்டையிடச் செய்தார்கள். இந்தியாவில் அதுவே முதல் முறை. தாய்மீன் வளர்த்ததையும் முட்டையிடச் செய்ததையும் விவரிக்கும் கட்டுரை 2011இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ்’ இதழில் வெளியானது.

இப்படிப்பட்ட கட்டுரையில் ‘வெற்றி பெற்றோம்’ என்று எழுதினால் மட்டும் போதாது. சட்டியோடு செய்முறைச் சீட்டும் வர வேண்டும். தாய்மீன் என்ன எடை, என்ன தீனி கொடுத்தார்கள், எந்த ஹார்மோனை எந்த அளவில் போட்டார்கள், தண்ணீரின் உப்பும் சூடும் எவ்வளவு, எத்தனை மணி நேரத்தில் முட்டை வந்தது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். விசாகப்பட்டினத்தில் இருப்பவர் அந்தச் சீட்டை வைத்து அதே சமையலைச் செய்து பார்க்க முடிந்தால்தான் அது அறிவியல்.

கொட்டகைக்குள் நுழைவது

கட்டுரையை அனுப்பும் முன் இதழின் ‘கட்டுரையாளர்களுக்கான நெறிமுறை’ பக்கத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். சொல் எண்ணிக்கை, அட்டவணை வடிவம், மேற்கோள் முறை எல்லாம் அங்கே இருக்கும். பிறகு இணையத்தில் கணக்குத் திறந்து கோப்பை ஏற்ற வேண்டும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் இதழ்கள் இதற்கு ‘ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்’ மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. கனடாவில் உருவான அதை எந்த நிறுவனமும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே மீறக்கூடாத ஒரு விதி உண்டு: ஒரு சட்டி, ஒரு பந்தி. அதே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. ஓரிடத்தில் முடிவு தெரிந்த பிறகே மற்ற இடம்.

மூடியைத் திறந்து பார்ப்பது

முதலில் பண்டாரி மூடியைத் திறக்கிறார். இது நம் பந்திக்கு ஆகிற சட்டியா? மீன்வள இதழுக்குத் துணி ஆலை பற்றிய கட்டுரை வந்தால் அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் திரும்பிவிடும். அடுத்து, இது பக்கத்து வீட்டுக் குழம்பா என்று மென்பொருள் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உயிரினங்களை வைத்துச் செய்த ஆய்வு என்றால் அதற்கான அனுமதியையும் கேட்பார்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதிலாவது மாதிரி எடுத்திருந்தால் வனத்துறை அனுமதி இருந்தாக வேண்டும். பல கட்டுரைகள் இந்தக் கட்டத்திலேயே சில நாளில் திரும்பி வருகின்றன. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. பொருத்தமான வேறு பந்தி பார்க்கலாம்.

உப்புப் பார்ப்பது

இதுதான் இதயம். பண்டாரி தன் நாக்கை மட்டும் நம்புவதில்லை. அந்தத் துறையில் கைதேர்ந்த இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்கிறார். இவர்கள்தான் மதிப்பாய்வாளர்கள். பல இதழ்களில் சட்டி யாருடையது என்று இவர்களுக்குத் தெரியாது. யார் ருசி பார்த்தார்கள் என்று சமைத்தவருக்கும் தெரியாது. பெரும்பாலும் சம்பளம் வாங்காமல்தான் செய்கிறார்கள்.

‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வது அவர்கள் வேலை இல்லை. எது குறைகிறது, எது கூடிவிட்டது என்று சொல்ல வேண்டும். கடல் விரால் கட்டுரை ஏறத்தாழ 21 லட்சம் முட்டைகளைக் கணக்குச் சொல்கிறது. இப்படி ஓர் எண்ணைக் கண்டதும் நல்ல மதிப்பாய்வாளர் பேனாவை எடுத்துவிடுவார். அத்தனை முட்டைகளை யார் எண்ணினார்கள்? தொட்டி நீரைக் கலக்கி, சிறு அளவு மொண்டு, அதிலுள்ளதை எண்ணிப் பெருக்கினார்களா? எத்தனை தடவை மொண்டார்கள்? ஒவ்வொரு தடவையும் எவ்வளவு வித்தியாசம் வந்தது? கருவுற்ற முட்டையையும் கருவுறாததையும் எப்படிப் பிரித்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குக் கட்டுரைக்குள்ளேயே பதில் இருந்தால் அந்த எண் நிற்கும், இல்லாவிட்டால் விழும்.

மறுபடியும் அடுப்பில்

நேராகப் பந்திக்குப் போகும் சட்டி அபூர்வம். ‘சிறு திருத்தம்’, ‘பெருந்திருத்தம்’, ‘நிராகரிப்பு’ என்ற மூன்றில் ஒன்றே பெரும்பாலும் வரும். பெருந்திருத்தம் வந்தால் இளம் ஆய்வாளர்கள் மனம் உடைந்துபோகிறார்கள். உடையத் தேவையில்லை, கதவு இன்னும் மூடவில்லை என்பதே அதன் பொருள். மதிப்பாய்வாளர் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் வரிசையாகப் பதில் எழுதுங்கள். ஏற்றுக்கொண்டதை எங்கே திருத்தினீர்கள் என்று பக்க எண்ணோடு காட்டுங்கள். ஏற்க முடியாததைக் காரணத்தோடு மறுக்கலாம். உப்புப் பார்த்தவர் சொன்னார் என்பதற்காக, புளி சரியாக இருக்கும் குழம்பில் இன்னும் புளியைக் கரைக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் மாதக் கணக்கில் நடக்கும். தம் போட்ட தேக்சாவை அவசரப்பட்டுத் திறந்தால் சோறு வேகாது.

பந்தியில் வைப்பது

கட்டுரை ஏற்கப்பட்டதும் மொழி செப்பம் பார்த்து, அச்சுக்குத் தயாரான படியைக் கட்டுரையாளருக்கு அனுப்புவார்கள். பெயர், எண், படத்தின் அடிக்குறிப்பு எல்லாவற்றையும் கடைசியாகச் சரிபார்க்கும் வாய்ப்பு அது. பிறகு கட்டுரைக்கு டி.ஓ.ஐ. என்ற நிரந்தர எண் கிடைக்கும். இணைய முகவரி மாறினாலும் அந்த எண்ணை வைத்துக் கட்டுரையைத் தேடி எடுக்கலாம்.

கூடவே ஓர் உரிமமும் ஒட்டப்படும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் மிகத் தாராளமானது, சமைத்தவர் பெயரைச் சொல்லிவிட்டு வீட்டுக்கும் எடுத்துப் போகலாம், அதை வைத்துப் புதிதாகவும் சமைக்கலாம் என்கிறது. தமிழில் மொழிபெயர்க்கவும் அதில் தடை இல்லை. சில உரிமங்கள் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும். சில, மாற்றம் எதையும் அனுமதிக்காது. கையெழுத்துப் போடும் முன் எந்த உரிமம் என்று பாருங்கள்.

கந்தூரிச் சோறு தீர்ந்துபோகும், கட்டுரை தீராது. ஆயிரம் பேர் படித்தாலும் ஆயிரத்து ஒன்றாவது ஆளுக்குக் குறையாமல் இருக்கும். அப்படிப்பட்ட பொருளைப் பூட்டி வைப்பதற்கு நியாயமே கிடையாது.

விறகுக் காசு யாருடையது?

இதழ் நடத்தும் செலவுக்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழியில் சாப்பிடுபவர் காசு கொடுக்கிறார். அதுதான் பழைய சந்தா முறை. ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்காக மத்திய அரசு மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது இந்தச் சந்தாவைக் கட்டத்தான். இரண்டாவது வழியில் சமைத்தவரே கொடுக்கிறார். 2021இல் ‘நேச்சர்’ இதழ் திறந்த அணுகலுக்கு ஒரு கட்டுரைக்கு வைத்த கட்டணம் 9,500 யூரோ. மாவட்டக் கல்லூரி ஆசிரியர் எவரால் இது முடியும்? மூன்றாவது வழியில் ஊர் கொடுக்கிறது. அரசு நிறுவனமோ அறிஞர் சங்கமோ செலவை ஏற்க, எழுதுபவரும் படிப்பவரும் காசு கொடுப்பதில்லை. உண்மையான கந்தூரி இந்த மூன்றாவதுதான்.

2002இல் புடாபெஸ்ட் பிரகடனம் திறந்த அணுகலை உலக இயக்கமாக்கியது. சென்னையிலிருந்து சுப்பையா அருணாசலம் பல்லாண்டுகளாக அதற்கு இந்தியாவில் குரல் கொடுத்தார். 2013இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தன் ஆய்வுகளுக்குத் திறந்த அணுகல் கொள்கையை அறிவித்தது. சந்தா இதழில் எழுதியவர்களுக்கும் வழி உண்டு: ஏற்கப்பட்ட கையெழுத்துப் படியை, இதழின் விதி அனுமதிக்கும் வகையில், நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் சேர்த்துவிடலாம்.

உப்புப் பார்க்காத பந்தி

இப்போது போலிகள். மூன்றே நாளில் ஏற்புக் கடிதம் வரும். கட்டணம் கேட்டு அடுத்த கடிதம் வரும். உப்புப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார். முனைவர் பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரை எண்ணிக்கையைக் கேட்கும் வழக்கம்தான் இவற்றுக்குத் தீனி போடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கத்தக்க இதழ்களுக்கான தன் கேர் பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டதால், இதழை எடைபோடும் பொறுப்பு இனி கல்லூரிகளுடையதும் ஆய்வாளருடையதும்தான்.

பார்க்க வேண்டியவை இவை: ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமாக இருக்கிறார்களா, அங்கே இருப்பது அவர்களுக்கே தெரியுமா? கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்களா? திறந்த அணுகல் இதழ்களின் அடைவான டி.ஓ.ஏ.ஜே.யில் இதழின் பெயர் இருக்கிறதா? பழைய கட்டுரைகளில் இரண்டை எடுத்து நீங்களே படித்துப் பார்த்தீர்களா?

கடல் யாருடையது?

2008இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில், குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் கப்பாஃபைகஸ் பாசி படர்வதாக ஒரு கட்டுரை வந்தது. நம் கரையில் ‘பெப்சி பாசி’ என்று சொல்கிறோமே, அதே பாசி. அதை வளர்த்துப் பிழைக்கும் பெண்களின் வருமானத்தையும் பவளப்பாறைகளின் உயிரையும் ஒருசேரத் தொடும் விவாதம் அது. அந்தக் கட்டுரை யாரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. ஆங்கிலம் தெரிந்த ஒரு மகள் அதைத் தன் தாய்க்கு வாசித்துச் சொல்ல முடியும். தாய் தான் கண்டதை வைத்து அதை மறுக்கவும் முடியும்.

ஆகவே ராமநாதபுரம், ராமேஸ்வரம் கல்லூரிகளின் ஆய்வு மாணவர்களிடம் கேட்டுக்கொள்வது இது. இந்தக் கடலில் எடுத்த தரவைப் பூட்டிய இதழுக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கறாராக உப்புப் பார்க்கும், எல்லாருக்கும் திறந்த இதழைத் தேடி அனுப்புங்கள். கட்டுரை வெளியானதும் அதன் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, மாதிரி எடுக்க உங்களைப் படகில் ஏற்றிச் சென்றவர்களிடம் கொடுங்கள். படிக்கும் உரிமை அவர்களுக்குத்தான் முதலில்.