ஊட்டியில் தொட்டிச் செடி, ஸ்ரீமதுரையில் களை! - காட்டு பிகோனியாவுக்கு எத்தனை பெயர்?

``ஏம்மா, களையைப் போய் போட்டோ எடுக்கிற?"

கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரையில், தோழி வீட்டின் பின்பக்கம் நின்றபோது அவளுடைய அம்மா கேட்ட கேள்வி இது. அக்டோபர் மழை அப்போதுதான் விட்டிருந்தது. பாசி படிந்த கல் சுவரின் இடுக்கில், இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி. சிவப்பேறிய சதைப்பற்றான தண்டு, ஓரத்தில் பற்கள் கொண்ட இலைகள், வெளிர் ரோஜா நிறத்தில் சிறு பூக்கள். அம்மாவின் கையில் அரிவாள். சுவரைச் சுத்தம் செய்ய வந்திருந்தார்.

``இது பிகோனியா மாதிரி இருக்கும்மா" என்றேன்.

``ஊட்டி பிளவர் ஷோவுல வைப்பாங்களே, அதுவா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

நல்ல கேள்வி. பதில் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

வெளியூர் விருந்தாளிகள்

ஊட்டி தாவரவியல் பூங்காவின் கண்ணாடி மாளிகையில் நாம் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் பெரிய பூ பிகோனியாக்களின் மூதாதையர், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைச் சேர்ந்தவர்கள். பாத்திகளில் வரிசையாக நடும் குட்டை ரகத்தின் பூர்வீகம் பிரேசில் பக்கம். வண்ண இலைகளுக்காக வளர்க்கும் `ரெக்ஸ்' வகை மட்டும் நம் அஸ்ஸாமிலிருந்து புறப்பட்டது.

உலகம் முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட பிகோனியா இனங்கள் உண்டு. பூக்கும் தாவரங்களில் மிகப் பெரிய பேரினங்களில் இதுவும் ஒன்று. அந்தக் கூட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடம் உண்டு. தோழி வீட்டுச் சுவரில் இருந்ததன் அடையாளங்கள் `பிகோனியா மலபாரிகா' என்ற இனத்தோடு பொருந்தின. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளிலும் இலங்கையிலும் வளரும், அசல் உள்ளூர்க்காரச் செடி அது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தாவரவியல் படிக்காதவர்களும் பிகோனியாவை அடையாளம் காணலாம். செடியைப் பிடுங்க வேண்டாம். நின்று பார்த்தாலே போதும்.

முதலில் இலை. வெற்றிலையை நடு நரம்பில் மடித்தால் இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். பிகோனியா இலையை அப்படி மடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் கோணல்தான் பெரும்பாலான பிகோனியாக்களின் முதல் அடையாளம்.

அடுத்து பூ. ஒரே செடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக இருக்கும். பூவின் பின்பக்கத்தைப் பாருங்கள். இதழ்களுக்குக் கீழே மூன்று இறக்கைகள் வைத்த சின்னப் பை இருந்தால் அது பெண் பூ. அந்தப் பைதான் சூல்பை, பின்னால் காயாக மாறும். ஆண் பூவில் பை இருக்காது, நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள் கொத்தாக இருக்கும்.

இங்கே ஒரு தந்திரமும் உண்டு. பிகோனியா பூக்களில் பொதுவாகத் தேன் கிடையாது. தேனீ வருவது ஆண் பூவின் மகரந்தத்துக்காக. பெண் பூவில் அதுவும் இல்லை. ஆனால், பெண் பூவின் சூல்முடி மஞ்சளாக, முறுக்கிக்கொண்டு, பார்க்க மகரந்தத் தாள் போலவே இருக்கும். ஏமாந்து இறங்கும் தேனீ, தன் உடம்பில் ஒட்டியிருக்கும் மகரந்தத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போகும்.

காய் முற்றி வெடித்தால் தூசி போன்ற விதைகள் கொட்டும். அவை காற்றிலும் மழைநீரிலும் பரவி, பாறை இடுக்கில் முளைக்கும்.

இன்னொரு ஆச்சர்யம், இதன் சொந்தக்காரர்கள். தாவர வகைப்பாட்டில் பூசணி, பாகல், வெள்ளரி இருக்கும் அதே வரிசையில்தான் பிகோனியா குடும்பமும் வருகிறது. பூசணியில் ஆண் பூ, பெண் பூ தனித்தனியாக இருப்பதும், பெண் பூவுக்குக் கீழே குட்டிக் காய் தெரிவதும் நினைவுக்கு வருகிறதா? அதே குடும்ப ஜாடை!

பெயருக்குப் பின்னால் இனிஷியல்

பிகோனியா என்ற பெயர் ஒரு பிரெஞ்சு அதிகாரியுடையது. 17-ம் நூற்றாண்டின் இறுதியில் கரீபியன் தீவுகளில் தாவரங்களைத் தேடிய சார்லஸ் ப்ளூமியர், தன் புரவலர் மிஷேல் பெகோனின் பெயரைச் செடிக்கு வைத்தார். 1753-ல் லின்னேயஸ் அதை ஏற்றுக்கொண்டார். ப்ளூமியரின் பெயர் நம் கோயில்களில் நிற்கும் ஈழத்தலரிக்குப் போனது. அதுதான் `ப்ளுமேரியா'.

நம் செடிக்கு `பிகோனியா மலபாரிகா' என்று பெயர் சூட்டியவர் பிரான்ஸின் லாமார்க், ஆண்டு 1785. நமக்கு அப்பா பெயரின் எழுத்து முன்னால் வருவதைப்போல, செடிகளுக்குப் பெயர் வைத்தவரின் சுருக்கம் பின்னால் வரும். அதனால் இதன் முழுப்பெயர், பிகோனியா மலபாரிகா லாம். சென்னை மாகாணத்தின் வன அதிகாரியாக இருந்த பெடோம் பெயரிட்ட `பிகோனியா ஃப்ளாக்ஸிஃபெரா'வுக்கு இனிஷியல், பெட்.

ஒரே செடிக்கு இரண்டு பேர் பெயர் வைத்துவிட்டால்? முதலில் முறைப்படி வெளியான பெயரே செல்லும். இதற்கு நம் மலையிலேயே உதாரணம் உண்டு. தாமரை இலைபோல, இலையின் நடுவே காம்பு சேரும் ஓர் அழகான பிகோனியாவை ராபர்ட் ஒயிட் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் `கிரஹாமியானா' என்று பதிவு செய்தார். ஆனால், அதற்கு முன்பே இங்கிலாந்தில் ஹூக்கர் அதை `அல்போ-காக்ஸினியா' என்று பெயரிட்டிருந்தார். `வெண்சிவப்பு' என்று பொருள். ஹூக்கர் வைத்த பெயரே நிலைத்தது.

ஒயிட்டின் புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் நினைவாக ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே `கோவிந்தூயியா' என்று பெயர் வைத்தார் ஒயிட். அந்தப் பெயரும் பின்னாளில் வேறொரு பெயருக்குள் அடங்கி, வழக்கொழிந்தது.

வைத்தியர் சொன்ன பெயர்

லாமார்க்குக்கு ஏறக்குறைய 100 ஆண்டுகள் முன்பே இந்தச் செடி ஒரு புத்தகத்தில் ஏறிவிட்டது. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த `ஹோர்துஸ் மலபாரிகஸ்', 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. மலபார் செடிகளின் பெயரையும் பயனையும் அதற்காகச் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அந்த நூலில் நம் பிகோனியாவின் பெயர் `செறிய நரினாம்புளி'.

கடைசியில் இருக்கும் `புளி'யைக் கவனித்தீர்களா? பிகோனியா தண்டில் ஆக்ஸாலிக் அமிலம் உண்டு, கடித்தால் புளிக்கும். செடியின் குணத்தை ஒரே சொல்லில் சொல்லிவிட்டது ஊர்ப் பெயர். (அதற்காகக் கடித்துப் பார்க்க வேண்டாம். ஆக்ஸாலிக் அமிலம் சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆகாது.)

340 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் உட்கார்ந்து கேட்டார், உள்ளூர் வைத்தியர் சொன்னார். அதனால்தான் அந்தப் பெயர் இன்றும் நம் கையில் இருக்கிறது. கேட்காமல் விட்ட பெயர்கள் எத்தனையோ!

இனி நம் முறை

ஈரமும் நிழலும் பாறையும் இருந்தால் இந்தச் செடிகளுக்குப் போதும். ஆனால், சாலையோரத்தை வழித்தெடுக்கும்போதும், களைக்கொல்லி அடிக்கும்போதும் முதலில் போவது அந்த ஈர இடுக்குகள்தான்.

அடுத்த முறை மலைக்குப் போகும்போது கோணல் இலைச் செடி கண்ணில் பட்டால், பறிக்காமல் நான்கு படங்கள் எடுங்கள்: முழுச் செடி, இலையின் அடிப்பக்கம், பூவின் பின்பக்கம், காய். இலையை மட்டும் வைத்து இனத்தை உறுதி செய்வது கடினம். நிபுணர்கள் காயைக் குறுக்கே வெட்டி, உள்ளே எத்தனை அறைகள், விதைகள் எப்படி ஒட்டியிருக்கின்றன என்றுகூடப் பார்க்கிறார்கள். கோவையில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற இடங்களில் உலர்த்திப் பாதுகாக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வருகிறார்கள்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது தோழியின் அம்மா பொறுமையாகக் கேட்டார். கடைசியில், ``வெள்ளைக்காரங்க வெச்ச பேரு சரி, மலையாளத்துப் பேரும் சரி... நம்ம ஊர்ல இதுக்கு என்ன பேரு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ``எங்க மாமியாருக்குத் தெரிஞ்சிருக்கும். கேக்காம விட்டுட்டேன்" என்றார்.

உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், படத்தைக் காட்டி இன்றே கேட்டுவிடுங்கள்.