மலைநாட்டில் மரக் கட்டடம்: நிலச் சொந்தக்காரர் கவனிக்க வேண்டியவை

நீலகிரி ஜில்லாவில் முற்காலத்தில் வீடு என்பது மரம், மூங்கில், புல் ஆகிய இவற்றாலேயே ஆயது. தோடர்களின் வில்போல் வளைந்த குடிசையும், குறும்பர்களின் மூங்கிற் படலில் மண் பூசிய வீடும் இதற்குச் சான்றாகும். பின்னர்ச் சிமெண்டும் இரும்பும் மலையேறி வந்தன. இப்பொழுது சர்க்கார்களே மரத்தைக் கட்டட வேலைக்கு மீண்டும் அழைக்கின்றன. இம்மாறுதலால் மரம் வளர்ப்போருக்கு உண்டாகும் அனுகூலமும், அதைப் பெறுவதற்கு அவர்கள் செய்து கொள்ள வேண்டிய ஏற்பாடுகளும் இங்கே கூறப்படுகின்றன.

சர்க்காரின் கொள்கை

காடுகள் அழிந்துவிடும் என்ற அச்சத்தால், மத்தியப் பொதுப்பணி இலாகா 1993-ம் வருஷத்தில் தன் கட்டடங்களில் மரத்தை உபயோகிப்பதைத் தடுத்தது. அத்தடை 2020 ஜூலையில் நீக்கப்பட்டது. மரம் வளருங்கால் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொள்ளுகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கரியேயாகும். அம்மரம் கட்டடத்தில் கெடாது நிற்கும்வரை அக்கரியும் அதிலேயே தங்கும். சிமெண்டும் இரும்புமோ சூளையில் மிகுந்த எரிபொருளைத் தின்றே வெளிவருகின்றன. அன்றியும், மரத்திற்குக் கிராக்கி இருந்தாலன்றி எந்த விவசாயியும் தன் நிலத்தில் மரம் நடமாட்டான். ஜப்பான் தேசத்தில் பொதுக் கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்துவதை ஊக்குவிக்க 2010-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2021-ல் அது தனியார் கட்டடங்களுக்கும் விரிக்கப்பட்டது.

தெப்பக்காடு காட்டும் பாடம்

மாயாற்றங்கரையிலுள்ள தெப்பக்காட்டு முகாமின் யானைகள் ஒரு காலத்தில் வெட்டுமரம் இழுத்து வந்தன. முதுமலை 1940-ல் சரணாலயமாகவும், 2007-ல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. இன்று அவ்யானைகள் மரம் இழுப்பதில்லை. 2023 மார்ச்சில், தெப்பக்காட்டிலும் ஆனைமலையிலும் உள்ள பாகர்களும் காவடிகளுமாகிய 91 பேருக்குச் சுற்றுச்சூழலுக்கு இசைந்த வீடுகள் கட்ட 9.10 கோடி ரூபாயைத் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. இத்தகைய கட்டடங்கள் பெருகுமாயின், வேண்டிய மரம் சரணாலயத்தினின்று வருவதற்கில்லை. பட்டா நிலத்தினின்றே வரவேண்டும்.

சட்டமும் கணக்கும்

மலைப் பிரதேசங்களில் ஜில்லாக் கமிட்டியின் அனுமதியின்றி மரம் வெட்டலாகாது என்பது 1955-ம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டம். 1949-ம் வருஷத்துத் தனியார் காடுகள் சட்டமும் இங்கே செல்லும். கூடலூர்க் காடுகளில் நடந்த மரவெட்டைப் பற்றி நிலம்பூர்த் திருமுல்பாடு ஒருவர் தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு 1996 டிசம்பர் 12-ல் விதித்த உத்தரவு மிக முக்கியமானது. தமிழ்நாட்டின் வனப் பகுதிகள் யாவற்றிலும் மரம் வெட்டுதலை அது தடுத்தது. ஆனால் முன்பு காடாக இராத இடத்தில் நட்டு வளர்த்த மரங்களை அத்தடையினின்று விலக்கியது.

ஆகவே, தானே முளைத்த மரம் ஒன்று, நட்டு வளர்த்த மரம் ஒன்று. பருமனில் இரண்டும் சமமாயினும் சட்டத்தின் முன் சமமல்ல. முப்பது வருஷம் கழித்து நட்டவர் இரார். அண்டை நிலக்காரரும் மறந்திருப்பர். அப்பொழுது பேசக்கூடியது எழுத்து ஒன்றே. நாற்று வாங்கிய ரசீதை விவசாயி பத்திரப்படுத்த வேண்டும். நட்ட வருஷம், சர்வே நம்பர், இனம், எண்ணிக்கை ஆகியவற்றை அடங்கலில் பதிவு செய்யுமாறு எழுத்து மூலம் கேட்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் நேரிற் பார்த்து இதனைச் செய்து கொடுப்பது குடிகளுக்குப் பேருதவியாகும். 1969-ம் வருஷத்து ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-ம் பிரிவில் அடங்கிய நிலங்களின் உரிமை சிக்கலானது; அவற்றை அனுபவிப்போர் மரத்தை நம்பிப் பணம் முடக்குவதற்கு முன் தாலுகா ஆபீஸில் விசாரித்துக் கொள்வது நலம். மூங்கிலுக்கு மட்டும் வழி சற்று எளிது: வன நிலமல்லாத இடத்தில் வளரும் மூங்கில், 2017-ல் செய்த திருத்தத்தால், மத்திய வனச் சட்டத்தின்படி மரமாகக் கருதப்படுவதில்லை.

மரத்தின் தகுதி

தேக்கின் வைரத்தைக் கறையான் எளிதில் அண்டாது. ஆயினும் எம்மரத்தின் வெளிறும் கறையானுக்கு இரையே. தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் உள்வேலைக்கும் ஒட்டுப் பலகைக்கும் உதவும். மண்ணில் ஊன்றும் தூணுக்கு உதவாது.

பச்சை மரத்தைக் கட்டடத்தில் வைத்தால் அது பின்னர்ச் சுருங்கிக் கோணும். பழி மரத்தின்மேல் விழும். அறுத்த பலகைகளைத் தரையினின்று உயர்த்தி, நடுவே சம இடைவெளியில் ரீப்பர்களை வைத்து, காற்றோட்டமுள்ள கொட்டகையில் அடுக்குக. முனைகள் விரைவில் உலர்ந்து வெடிப்பதால் அவற்றில் தாரோ பெயிண்டோ பூசுக. போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்தால் வண்டு துளைக்காது. ஆனால் மழையில் இம்மருந்து கரைந்து போமாதலால், கூரைக்கு உட்பட்ட மரத்திற்கே இது ஏற்றது. தூண்களைக் கல்லின்மேல் நிறுத்துவதும், இறவாரத்தை நீள விடுவதும் செலவில்லாத காப்பு.

மேய்ச்சலைக் கெடுக்கும் உண்ணிச்செடியும் முற்றிலும் வீணல்ல. கூடலூர்ப் பக்கத்துப் பெட்டக் குறும்பர், பணியர் முதலானோர் அதன் தண்டுகளைக் கொண்டு செய்த யானை உருவங்கள் 2024-ல் அமெரிக்கா வரை சென்றன. பாரந் தாங்காவிடினும் அது மேஜை நாற்காலிக்கு உதவும்.

இன்று நடும் கன்றின் பலன் அடுத்த தலைமுறைக்கே கிட்டும். கன்றை நட்டு, அந்த வருஷத்திலேயே அதன் கணக்கையும் எழுதி வைப்பவரே தம் மக்களுக்கு வெட்டத்தக்க மரத்தை விட்டுச் செல்பவராவர்.