கிக்கரின் கனம்

என் தகப்பனார் ஓட்டிய புல்லட்டை, மூன்று வருஷம் கொட்டகையில் கிடந்தபின் வெளியே தள்ளிவந்து கிக்கரின்மேல் காலை வைத்தபோது, முன்பெல்லாம் ஆளின் கனம் முழுவதையும் ஒரு கணம் தாங்கி நின்று, பிறகே மனமிரங்கினாற்போல் மெல்ல இறங்கிய அந்த மிதி, யாதொரு தடையுமின்றித் தரைவரை போய்விட்டது. "கம்ப்ரஷன் சுத்தமா இல்ல சார். பிரிச்சு போர் பண்ணிடலாம்" என்று பட்டறைக்காரர் அக்கணமே சொன்னார், நானும் சம்மதித்தேன். சிலிண்டரை ஒரு சைஸ் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட்டு, வண்டியைக் கூட்டி முடித்த அன்றைக்கும் கிக்கர் அதேபோல் லேசாகத்தான் இறங்கியது. குற்றம் இருந்த இடம் சிலிண்டர் அன்று. கை நீளமே உள்ள ஒரு கேபிள், வேண்டியதைவிடச் சற்று அதிகமாக இறுகியிருந்தது.

கடைந்தெடுத்த இரும்பை மறுபடி ஒட்டவைக்க எவராலும் ஆகாது. ஆகையால்தான், பழைய வண்டியின் என்ஜினைப் பிரிக்குமுன் காற்று எந்த வழியாகத் தப்பிப்போகிறது என்பதை நிச்சயம் செய்துகொள்ளுங்கள் என்று இத்தனை அழுத்தமாகச் சொல்ல வருகிறேன்.

சென்னைத் திருவொற்றியூரில் 1956 முதல் உருவாகிவந்த 350 புல்லட்டின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. பிஸ்டன் அதனுள் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். உள்ளே இழுத்த பெட்ரோலும் காற்றும் கலந்த வாயுவை, பிஸ்டன் மேலே போய் ஆறில் ஒரு பங்குக்கும் குறைந்த இடத்தில் நெருக்கிவைக்க, அந்த நெருக்கத்தில்தான் தீப்பொறிக்கு வீரியம் பிறக்கிறது. நெருக்கம் குறைந்தால் வண்டி கிளம்ப மறுக்கும். கிளம்பினாலும் மேட்டில் இழுக்காது. வாயு நழுவக்கூடிய வழிகள் சிலவே: தேய்ந்த ரிங்கும் போரும், சரியாக உட்காராத வால்வுகள், ஹெட் கேஸ்கெட்.

பழைய புல்லட்டில் இவற்றோடு இன்னுமொரு வாசல் உண்டு. இடக்கைப் பிடியருகே உள்ள சின்ன லீவரை இழுத்தால், ஹெட்டில் பொருத்திய டீகம்ப்ரஸர் என்னும் குட்டி வால்வு திறந்து, அழுத்தத்தைச் சைலன்சர் வழியே வெளியேற்றிக் கிக்கரை லேசாக்கும். அதன் கேபிளில் சிறிது தளர்ச்சி இருந்தாகவேண்டும். இல்லையேல் யாரும் லீவரைத் தொடாமலே அந்த வாசல் இடைவிடாது மயிரிழை திறந்திருக்கும். அதன் முகத்தில் கரி படிந்தாலும் இதே கதிதான். அடுத்து, சிலிண்டரின் வலப்பக்க அடியிலுள்ள மூடியைக் கழற்றி, என்ஜின் குளிர்ந்திருக்கையில், பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, புஷ்ராடுகளை விரலால் உருட்டிப்பாருங்கள். உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. உருள மறுத்தால், வால்வு முழுவதும் மூடவில்லை என்று பொருள். இவ்விரண்டுக்கும் ஒரு ஸ்பேனருக்கு மேல் செலவில்லை.

இவை சரியாக இருந்தும் குறை தீராவிட்டால், பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்தபடி, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை உதையுங்கள். (ஆக்ஸிலேட்டரைத் திருக மறந்து, காற்றே புகாத சிலிண்டரைக் குறை சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.) பிறகு பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடியும் உதைக்க, முள் நன்றாக உயர்ந்தால், எண்ணெய் ரிங்கின் சந்தை அடைத்துக்கொண்டது, தேய்மானம் அங்கேதான், அசையாவிட்டால் வால்வையோ கேஸ்கெட்டையோ சந்தேகிக்கலாம்.

இவற்றையெல்லாம்விட என் மனத்துக்கு உகந்தது காற்றடித்துக் கேட்பது. பழைய பிளக்கொன்றின் பீங்கானைத் தட்டியெடுத்து, அந்தக் கூட்டில் டியூப் வால்வைப் பற்றவைத்துக்கொண்டால் கருவி தயார். பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை விடாமல் மிதித்திருக்க, பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலிருந்து மெதுவாகக் காற்றை விடவேண்டும். பிரேக் நழுவினால் சக்கரம் சுழன்று காலை அடிக்கும், ஜாக்கிரதை. பிறகு செவியே சாட்சி. கார்ப்பரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றும் துவாரத்தில் மூச்சுவிட்டால் ரிங். ஹெட்டின் விளிம்பில் சோப்புநீர் குமிழியிட்டால் கேஸ்கெட். சைலன்சரில் கேட்டால் மட்டும் அவசரப்படாதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வாகவும் இருக்கலாம், டீகம்ப்ரஸராகவும் இருக்கலாம். கேபிளை முழுவதும் கழற்றிவிட்டு மறுபடி கேளுங்கள்.

எங்கள் வண்டியில் கேபிளைக் கழற்றிய மாத்திரத்தில் சைலன்சரில் கேட்ட சீறல் அடங்கியது. கிக்கரின்மேல் ஏறி நின்றேன். தகப்பனார் காலத்தில் நின்றதுபோலவே அது என்னைத் தாங்கி நின்றது. சிலிண்டரைக் கடைந்த லேத்துக்காரர் மட்டும், "இன்னும் ரெண்டு சைஸ் தாங்கும் சார், அப்புறம் ஸ்லீவ்தான்" என்றார்.