அழிக்கப்பட்ட பெருவிரல்

இன்றைய கைப்பேசி தானாகவே வெளிச்சத்தை அளக்கிறது. முகங்களைக் கண்டறிந்து தெளிவாக்குகிறது. கை சற்றே நடுங்கினாலும் படம் கலங்காமல் பார்த்துக்கொள்கிறது. ஒரு காலத்தில் புகைப்படக்காரரின் திறமை என்று நாம் பாராட்டியதில் பாதியை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. அப்படியானால், நல்ல புகைப்படம் என்று இனி எதைச் சொல்வது?

நன்கறியப்பட்ட ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1936 மார்ச்சில், அமெரிக்க அரசுக்காகப் பணியாற்றிய டோரத்தியா லாங் கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்'. பட்டாணிப் பயிர் உறைபனியில் அழிந்துபோக, பறிக்க வந்த கூலித் தொழிலாளர்கள் வேலையின்றித் தவித்த முகாம் அது. அதைக் கடந்து சுமார் 20 மைல் சென்றுவிட்ட லாங், மனம் கேளாமல் காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். அங்கே அவர் செலவிட்டது சில நிமிடங்களே.

அந்தச் சில நிமிடங்களில் அவர் எடுத்த மற்ற படங்களும் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதைவிடச் சிறந்த புகைப்படப் பாடம் இல்லை. தொலைவிலிருந்து எடுத்த படத்தில் கூடாரம் முழுவதும் தெரிகிறது. பெட்டியும் தட்டுமுட்டுச் சாமான்களும் தெரிகின்றன. பதின்பருவ மகள் ஒருத்தியும் இருக்கிறாள். கண் எங்கே நிற்பதென்று அறியாமல் அலைகிறது. புகழ்பெற்ற படத்திலோ கூடாரம் இல்லை, சாமான்கள் இல்லை, அந்த மகளும் இல்லை. தாயின் இரு தோள்களிலும் இரு குழந்தைகள் முகத்தைத் திருப்பிச் சாய்ந்திருக்கிறார்கள், மடியில் கைக்குழந்தை. குழந்தைகளின் முகம் தெரியாததால் நம் பார்வைக்குப் போக வேறிடமில்லை. கன்னத்தைத் தொடும் அந்தக் கையின் வழியே தாயின் முகத்துக்குத்தான் ஏற வேண்டும். அவரோ நம்மைப் பார்க்கவில்லை. இதை எந்தக் கருவியும் தானாகச் செய்துவிடாது. எவ்வளவு நெருங்குவது, எதை விட்டுவிடுவது என்பது முழுக்க முழுக்க மனிதரின் முடிவு.

ஆனால், விட்டுவிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. படத்தின் கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பற்றியிருந்த ஒரு பெருவிரல் விழுந்திருந்தது. அது கண்ணை உறுத்துகிறது என்று கருதிய லாங், 1939-இல் நெகட்டிவிலேயே அதை அழிக்கச் செய்தார். ஆவணப் படத்தில் கை வைக்கலாமா என்ற விவாதம் அன்றிலிருந்து தொடர்கிறது. என்னைக் கேட்டால், பெருவிரல் சிறிய விஷயம். அந்தப் பெண்ணின் பெயரை லாங் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பதுதான் பெரிய விஷயம். உணவுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று பின்னாளில் அவர் எழுதினார். குடும்பத்தினர் அதை மறுத்தார்கள். கார் பழுதாகி நின்றது, அதைச் சரிசெய்யவே ஆண்கள் ஊருக்குள் போயிருந்தார்கள் என்பது அவர்கள் சொன்னது. ஆண் துணையற்றவராக நாம் காணும் அந்தத் தாய், உண்மையில் அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

படத்துக்கு உடனடிப் பயனும் இருந்தது. நாளிதழில் செய்தி வெளியானதும் முகாமுக்கு அரசு உணவுப் பொருள்களை அனுப்பியது. அவை வந்து சேர்வதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் போய்விட்டது.

கண்ணைப் பிடித்து நிறுத்துவதிலும், நாட்டையே அசைத்ததிலும் இந்தப் படம் தேறிவிட்டது. அதில் இருப்பவர் அதை ஏற்பாரா என்ற மூன்றாவது சோதனையில்தான் தடுமாறுகிறது. பூர்வகுடியான செரோக்கி இனத்தைச் சேர்ந்த ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன்தான் அந்தத் தாய் என்பது, படம் எடுத்து 40 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 1978-இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, அதை எடுக்க விட்டிருக்கக் கூடாது என்று அவர் வருந்தினார். 1983-இல் அவர் நோயுற்றபோது, சிகிச்சைக்கு உதவுமாறு பிள்ளைகள் வேண்டினர். முன்பின் அறியாதவர்களிடமிருந்து பணமும் கடிதங்களும் குவிந்தன. அம்மாவின் அந்தப் படத்தைச் சுமையாகவே எண்ணிவந்த பிள்ளைகள், அக்கடிதங்களைப் படித்த பிறகே அதை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள்.