பந்தலும் கவாத்தும்: கொடிக்கு வெயில் காட்டும் கலை

முல்லைக்கொடி படரக் கொழுகொம்பின்றித் தவித்ததைக் கண்டு, தன் தேரையே நிறுத்திச் சென்ற பாரியின் கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் கொடிக்குத் தாங்கல் மட்டும் போதுமா? போதாது என்பதை பாலாநகரில் என் வீட்டு முற்றத்துத் திராட்சைக் கொடியிடம்தான் கற்றேன்.

2016-இல் நட்டேன். இரண்டே ஆண்டில் பந்தல் முழுக்கப் பச்சைக் கம்பளம். கீழே நல்ல நிழல். ஆனால் 2021 வரை ஒரு குலைகூட இல்லை. உரம் போட்டேன், இலைதான் பெருத்தது.

எங்கள் வீதியில் ஒரு தெலுங்குப் பெரியவர், தாதகாரு என்போம். இளமையில் மேட்சல் பக்கம் அனாபிஷாகித் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஏப்ரலில் ஒருநாள் பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கத்தெர தெச்சுகோ பாபூ" என்றார். கத்திரி கொண்டுவா என்று பொருள். கொடி முழுவதையும் ஒட்ட வெட்டச் சொன்னார். "என்னங்க, பச்சைப் பசேல்னு இருக்கறதைப் போய் வெட்டச் சொல்றாரே!" என்று என் மனைவி பதறினாள். எனக்கும் கை நடுங்கியது.

அவர் சொன்னதன் காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கொடியின் நுனியில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகி, கீழ்நோக்கி இறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அந்தத் தடை நீங்கும். ஆகவே தண்டு பந்தலைத் தொடும் முன்பே நுனி கிள்ளி, இரு கைகளாகப் பிரித்து எதிரெதிர்த் திசையில் படுக்கவிட வேண்டும். படுத்த கொடியில் மொட்டுகள் ஏறக்குறைய ஒரே சீராகத் துளிர்க்கும்.

ஐதராபாத் வட்டாரத்தில் ஆண்டுக்கு இரண்டு கவாத்து, ஒரே அறுவடை. ஏப்ரல் வெட்டு காய்க்க அல்ல, புதுக் குச்சிகளை உண்டாக்க. அடுத்த சில வாரங்களில் அக்குச்சிகளின் மொட்டுகளுக்குள் பூங்கொத்தின் கரு உருவாகிறது. அந்த நேரத்தில் மொட்டின் மேல் வெயில் விழ வேண்டும். மேலிலை ஒளியின் பெரும்பகுதியை உண்டுவிட்டால், நிழலில் கிடக்கும் மொட்டு வெறும் இலைமொட்டாகவே நின்றுவிடும். என் கொடியின் நோய் இதுதான்! எனவே நெருக்கமான துளிர்களைக் களைந்து, குச்சிகளை இடைவெளிவிட்டுப் பரப்பிக் கட்ட வேண்டும். அக்டோபரில் ரகத்துக்கேற்பச் சில மொட்டுகளை விட்டு மீண்டும் வெட்டினால், துளிரோடு பூங்கொத்தும் வெளிவரும்.

நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலும் இதே பந்தல் முறைதான். அங்கே தட்பவெப்பம் வேறு என்பதால் இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடைகூட எடுக்கிறார்கள். அந்தப் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அடுக்குமாடியில் வாழும் அன்பர்களும் இதைச் செய்து பார்க்கலாம். தொட்டியில் அவரையோ பாகலோ வையுங்கள். கம்பியின் உயரம் வந்ததும் நுனி கிள்ளுங்கள். பக்கக் கொடிகளைக் கிரில்லின் இருபுறமும் படுக்கவிட்டுக் கட்டுங்கள். பழுத்த இலைகளை எடுத்துவிடுங்கள்.

2022 மார்ச்சில் எங்கள் பந்தலில் 11 குலைகள் தொங்கின. முதல் குலையைத் தாதகாரு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். நாம் பந்தல் என்பதை அவர் பந்திரி என்பார். பெயர் எதுவானாலும், அதன் இடுக்குகளில் வெயில் இறங்கினால்தான் பழம்.