லேண்ட்லைனை எடுத்துவிடலாமா? வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்!

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. ‘எங்கள் வீட்டில் 20 வருடத்துக்கு மேலாக லேண்ட்லைன் இருக்கிறது. இப்போது பேசுவதெல்லாம் செல்போனில்தான். பில் மட்டும் மாதாமாதம் வருகிறது. எடுத்துவிடலாம் என்கிறான் மகன். 78 வயதான மாமியார், இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார். என்ன செய்யலாம்?’

பயிர் பற்றிய கேள்வி இல்லைதான். ஆனால், விவசாயக் குடும்பத்தின் வரவு-செலவு பற்றிய கேள்வி. பல வீடுகளில் இதே பேச்சு நடப்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் செலவுக் கணக்கு

மாத வாடகை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவிகித ஜி.எஸ்.டி சேர்த்தால் 236 ரூபாய். வருடத்துக்கு 2,832 ரூபாய். டி.ஏ.பி மூட்டை 1,350 ரூபாய் என்றால், இரண்டு மூட்டை வாங்கிவிடலாம். சிறு விவசாயிக்கு இது சின்னத் தொகை இல்லை. மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், செலவை மட்டும் எழுதினால் அது பாதிக் கணக்குதான். போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு மாதத்துக்கு, வரும் அழைப்பு, போகும் அழைப்பு எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். யார் பேசினார்கள், எதற்காகப் பேசினார்கள், அதே ஆளைச் செல்போனில் பிடித்திருக்க முடியுமா என்று மூன்று விவரம் போதும். போன் வேலை செய்யாத நாள்களையும் எழுதுங்கள். மாதத்தில் 10 நாள் ஊமையாகக் கிடக்கும் போனுக்கு வாடகை கட்டுவது வீண்.

பகலில் வீட்டில் இருப்பவர் யார்?

நடவு, களை, அறுவடை என்று எல்லோரும் வயலுக்குப் போய்விட்டால், வீட்டில் தனியாக இருப்பவர் பெரும்பாலும் வயதானவர்தான். கீழே விழுந்தால், நெஞ்சு வலித்தால், தெரிந்த எண்ணைச் சுழற்றவோ அமுக்கவோ அவருக்குக் கை பழகிய கருவி லேண்ட்லைன் ஒன்றுதான். தொடுதிரை போனில் பச்சையை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் அழைப்பைத் தவறவிடும் பெரியவர்கள் நிறைய பேர். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் பேசினால், காதில் வைத்துப் பேச அவருக்கென்று இருப்பதும் அதுதான். ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்ற சொல்லுக்குள் இது இருக்கலாம். அவரிடமே உட்கார்ந்து கேளுங்கள்.

இன்னொரு விஷயம். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச, எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போட வேண்டும். இது தெரியாமல் ‘போன் கெட்டுப்போச்சு’ என்று ஒதுக்கிவைத்த வீடுகளும் உண்டு. உங்கள் வீட்டில் அப்படியா என்று பாருங்கள்.

கரன்ட் போனாலும் பேசலாமா?

பழைய செம்புக் கம்பி இணைப்பில், தொலைபேசி நிலையத்து பேட்டரியிலிருந்து சுமார் 48 வோல்ட் மின்சாரம் கம்பி வழியாகவே வருகிறது. அதனால்தான் வீட்டில் கரன்ட் இல்லாவிட்டாலும் மணி அடிக்கும். ஆனால், கார்ட்லெஸ் போன் வைத்திருந்தால் இந்த வசதி கிடைக்காது. அதன் அடிப்பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். பல ஊர்களில் செம்புக் கம்பியை விட்டு ஃபைபருக்கு மாற்றி வருகிறார்கள். ஃபைபரில் மோடத்துக்கு மின்சாரம் இல்லையென்றால் போனும் இல்லை. பேட்டரி வைத்துக்கொண்டால்தான் பேசலாம். ஆகவே, உங்கள் வீட்டுக்கு வருவது எந்த இணைப்பு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. செல்போன் கோபுரங்களும் செயலிழந்தன. மரம் விழுந்தால் தொலைபேசிக் கம்பியும் அறுந்துதான் போகும். எனவே, எந்த ஒரு கருவியையும் முழுதாக நம்ப முடியாது. இரண்டு வழி இருந்தால் ஒன்றாவது கைகொடுக்கும் என்பதே பாடம். இடி மின்னல் நேரத்தில் கம்பி போனைத் தொடக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

செல்போனைச் சோதித்துப் பாருங்கள்

அடுப்படி, திண்ணை, மாட்டுக்கொட்டகை, பெரியவர் படுக்கும் இடம் என நான்கு இடங்களிலும் நின்று பேசிப் பாருங்கள். ஊரில் நான்கைந்து மணி நேரம் கரன்ட் இல்லாத நாளில் மறுபடி பாருங்கள். கோபுரத்து பேட்டரி இறங்கினால் சிக்னலும் போய்விடும். மொட்டை மாடிக்கு ஏறினால்தான் சிக்னல் என்றால், 78 வயதுக்காரருக்கு அது போன் இல்லை.

நடுவழி ஒன்று இருக்கிறது

சிம் கார்டு போட்டுப் பேசும் மேசை போன் கடைகளில் கிடைக்கிறது. பார்க்க லேண்ட்லைன் மாதிரியே இருக்கும். பெரிய பொத்தான், சத்தமான மணி, உள்ளே பேட்டரி. வீட்டில் சிக்னல் நன்றாக இருந்தால் பெரியவர்களுக்கு இது பொருத்தம். ஆனால், இதற்கும் ரீசார்ஜ் செலவு உண்டு. அதையும் கணக்கில் சேருங்கள். மோட்டார் ஸ்டார்ட்டரில் ஒரு சிம், ஆளுக்கொரு சிம் என்று ஏற்கெனவே எத்தனை ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்தால், சேமிப்பு அங்கேயே கிடைத்தாலும் கிடைக்கும்.

என் பதில் இதுதான். பெரியவர் தனியாக இருக்கும் வீடு, சிக்னலும் சரியில்லை, கம்பி போன் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால், வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் நன்றாக இருந்தால், மேசை போன் வாங்கிப் பழைய போனுக்குப் பக்கத்திலேயே இரண்டு மாதம் வையுங்கள். மாமியாருக்குக் கை பழகிய பிறகு லேண்ட்லைனை எடுங்கள். பழைய போன் பல நாள் கிடந்தும் பழுது பார்க்கப்படவில்லை, மணியும் அடிப்பதில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். மாற்றுப் போனை வைத்துவிட்டு உடனே எடுத்துவிடலாம்.

எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

* லேண்ட்லைன் எண்ணைச் செல்போனுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி நம் நாட்டில் இல்லை. எண் போனால் போனதுதான். வங்கி, கூட்டுறவுச் சங்கம், கேஸ் ஏஜென்சி, காப்பீடு, மருத்துவமனைச் சீட்டு, வியாபாரிகள் என எங்கெல்லாம் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறீர்களோ, அங்கெல்லாம் செல்போன் எண்ணை எழுதிக் கொடுங்கள்.

* லேண்ட்லைனுக்கு வரும் அழைப்பைச் செல்போனுக்குத் திருப்பிவிடும் வசதி உங்கள் இணைப்பில் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் கடைசி இரண்டு மாதம் பயன்படுத்துங்கள். யார் இன்னும் பழைய எண்ணுக்குக் கூப்பிடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

* இணைப்பு காலமான பெரியவர் பெயரில் இருந்தால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல்களைத் தயாராக வையுங்கள்.

* பாக்கியைக் கட்டி, எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீது வாங்குங்கள். ஆரம்பத்தில் கட்டிய டெபாசிட் தொகையைத் திரும்பக் கேட்க மறக்காதீர்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால் பில் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்.

எந்த போன் வைத்திருந்தாலும், அதற்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் இவற்றை எழுதி ஒட்டுங்கள்: ஆம்புலன்ஸ் 108. அவசர உதவி 112. கால்நடை அவசர மருத்துவ ஊர்தி 1962. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. பயிர் சந்தேகங்களுக்கு கிசான் கால் சென்டர் 1800 180 1551. காலை 6 முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அதற்குக் கீழே மகன், மகள், பக்கத்து வீட்டுக்காரர் எண்களையும் முன்னால் பூஜ்யத்தோடு எழுதிவையுங்கள்.